அம்மாச்சி பிறந்த சிரியம்

(சபையின் ஆண்டுவிழா மாலைக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஞாயிறு பள்ளிக்கூடத்தில் சுவரில் ஒரு உலகப்படம் மாட்டி, அவரவர் பாட்டி பிறந்த ஊரில் ஒரு ஊசி குத்தச் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் ஊசிகள் நெருக்கமாக நின்றன. நாகர்கோவில், தஞ்சாவூர், மட்டக்களப்பு, கோலாலம்பூர் என்று மற்றவை பரவின. நான் என் ஊசியைப் பர்மாவில் குத்தினேன். உடனே ஒரு தம்பி, "ஆன்ட்டி, தப்பான இடத்தில் குத்திட்டீங்க" என்றான். தப்பில்லை தம்பி, அது சரியான இடம்தான். ஏன் என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

பர்மாவை இன்று மியன்மார் என்கிறோம். ரங்கூன் இன்று யாங்கோன். யாங்கோனிலிருந்து பாகோ ஆற்றைக் கடந்து தென்கிழக்கே போனால் தன்லின் என்ற ஊர் வரும். பழைய பெயர் சிரியம். நம்மவர்கள் இன்றைக்கும் சிரியம் என்றுதான் சொல்வார்கள். அது ஒரு ஊர் மட்டுமல்ல, ஒரு டவுன்ஷிப்பும்கூட. மாவட்டத்துக்குக் கீழே வரும் பிரிவு அது. நம்மூர் தாலுகா போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மியன்மாரில் இப்படி 330 டவுன்ஷிப்புகள் உண்டு. 2014 குடிமதிப்பின்படி தன்லின் டவுன்ஷிப்பில் ஏறக்குறைய 2,68,000 பேர் வாழ்ந்தார்கள். நம் கார்ஹிங் போல பதினைந்து ஊர்களை ஒன்றாகச் சேர்த்தால் அவ்வளவு பேர் வருவார்கள்.

"குடிமதிப்பு" என்ற சொல் பிள்ளைகளுக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் நாடகத்தில் யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்குப் போனது எதற்காக? பேரைப் பதிவதற்காக. நாட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் யார் என்று அரசாங்கம் எண்ணி எழுதுவதுதான் குடிமதிப்பு. வேதாகமத்தில் எண்ணாகமம் என்று ஒரு புத்தகமே இருக்கிறது. தாவீது ராஜா ஜனங்களை எண்ணிவிட்டுப் பிறகு மனம் வருந்தியதும் உங்களுக்குத் தெரியும். எண்ணுவதில் நல்லதும் உண்டு, ஆபத்தும் உண்டு. சிரியத்தின் கதை முழுவதும் இதைத்தான் காட்டுகிறது.

அந்த ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சிரியம் ஒரு பழைய துறைமுகம். ரங்கூன் பெரிய நகரமாவதற்கு முன்பே கப்பல்கள் அங்கே வந்தன. 1599-இல் அரக்கான் அரசனின் படை அந்த ஊரைப் பிடித்தது. அந்தப் படையோடு வந்த பிலிப் டி பிரிட்டோ என்ற போர்த்துக்கீசியர் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு தானே அரசனைப் போல ஆண்டார். 1608-இல் அவர் ரங்கூனின் ஷ்வேடகோன் பகோடாவிலிருந்து மிகப் பெரிய மணி ஒன்றைக் கழற்றி, உருக்கிப் பீரங்கி செய்யலாம் என்று ஆற்று வழியாகக் கொண்டுவந்தார். ஆறுகள் சேரும் இடத்தில் பாரம் தாங்காமல் மணி ஆற்றில் மூழ்கியது. இன்றுவரை யாரும் அதை எடுக்கவில்லை.

1613-இல் அனவுக்பெட்லுன் என்ற பர்மிய அரசர் சிரியத்தைப் பிடித்தார். டி பிரிட்டோ கொல்லப்பட்டார். அங்கிருந்த போர்த்துக்கீசியரையும் அவர்கள் குடும்பங்களையும் அரசர் வடக்கே கொண்டுபோய் மூ ஆற்றங்கரையில் குடியேற்றினார். நான்கு நூற்றாண்டுகள் கழிந்தும் அவர்களுடைய சந்ததியார் அங்கே இருக்கிறார்கள். பாயின்ஜி என்று அவர்களை அழைக்கிறார்கள். அவர்கள் பேசுவது பர்மிய மொழி. வாழ்வது மற்ற பர்மிய விவசாயிகளைப் போல. ஆனால் கத்தோலிக்க விசுவாசத்தையும், நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்ற நினைவையும் அவர்கள் விடவில்லை. இவர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதற்குப் பின் இத்தாலியிலிருந்து வந்த பர்னபா சபைத் துறவிகள் சிரியத்தில் ஒரு செங்கல் ஆலயம் கட்டினார்கள். அது 1750-ஐ ஒட்டிய காலம். 1756-இல் அலவுங்பயா அரசர் சிரியத்தைப் பிடித்தபோது ஊர் அழிந்தது. முந்தைய ஆண்டே அவர் யாங்கோன் என்று பெயரிட்டிருந்த எதிர்க்கரை ஊருக்கு வாணிபம் போய்விட்டது. ஆலயத்தின் செங்கல் சுவர்கள் மட்டும் நின்றுகொண்டிருக்கின்றன. கூரை இல்லாத அந்தச் சுவர்களுக்குள் நான் நின்றிருக்கிறேன்.

சரி, தமிழர்கள் எப்போது வந்தார்கள்? 1852 போருக்குப் பின் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவை எடுத்துக்கொண்டார்கள். காடும் சதுப்பும் வெட்டி நெல் விளைவித்தார்கள். ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வயலுக்கும் ஆட்கள் வேண்டியிருந்தது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். ஆகவே பாஸ்போர்ட் தேவையில்லை. மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, கடனோடு கப்பல் ஏறினார்கள். 1920-களின் இறுதியில் ஆண்டுக்கு மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ரங்கூனில் இறங்கினார்கள். பலர் சில ஆண்டுகள் உழைத்துவிட்டுத் திரும்பினார்கள், சிலர் தங்கிவிட்டார்கள்.

சிரியத்தில் வேலை என்றால் எண்ணெய். பர்மா ஆயில் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே சுத்திகரிப்பு ஆலை வைத்தது. வடக்கே யெனாங்யாவுங் கிணறுகளிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாய் போட்டு எண்ணெயைக் கொண்டுவந்தார்கள். அந்த எண்ணெயில் மெழுகு அதிகம். நம்மூர் வீடுகளில் எரிந்த மண்ணெண்ணெயும், ஆலயங்களில் ஏற்றிய மெழுகுதிரிக்கு மெழுகும் அங்கிருந்தும் வந்தன. ஆலையில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தமிழரும் தெலுங்கரும் போன்ற இந்தியர். என் அம்மாச்சியின் அப்பா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அந்த ஆலை வேலைக்குத்தான் போனார்.

1931-இல் ஆங்கிலேயர் குடிமதிப்பு எடுத்தார்கள். பர்மாவின் மொத்த ஜனம் 1 கோடி 46 லட்சம். அதில் இந்தியர் 10 லட்சத்து 17 ஆயிரம். தமிழர் ஏறக்குறைய ஒன்றரை லட்சம். ரங்கூன் நகரத்தில் நான்கு லட்சம் பேரில் 2 லட்சத்து 12 ஆயிரம் பேர் இந்தியர், அதாவது பாதிக்கும் மேல். இந்த எண்களைப் படித்தால் நமக்குப் பெருமையாக இருக்கலாம். ஆனால் ஒரு பர்மியரின் இடத்தில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். அவருடைய சொந்தத் தலைநகரத்தில் அவர் சிறுபான்மை. அதற்கு மேல் 1930-களின் நெருக்கடியில் விவசாயிகளால் கடனைக் கட்ட முடியாமல், கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்களின் கைக்குப் போனது. 1938-இல் ரங்கூனில் இந்தியருக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அடித்தது தவறுதான். ஆனால் அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பதை நாம் நம் பிள்ளைகளிடம் மறைக்கக் கூடாது.

என் அம்மாச்சி பிறந்தது 1931 ஜூன் மாதம். அந்த ஆண்டின் குடிமதிப்பு பிப்ரவரியில் முடிந்துவிட்டது. ஆகவே அதில் அவர் இல்லை. அடுத்தது 1941-இல் எடுத்தார்கள். ஆனால் அந்த ஏடுகள் போரில் அழிந்துபோயின.

போர் 1941 டிசம்பரில் வந்தது. டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டார்கள். 1942 மார்ச் 7-ஆம் தேதி, ஜப்பானியர் கையில் எண்ணெய் கிடைக்கக் கூடாது என்று ஆங்கிலேயரே சிரியம் ஆலைக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். நண்பகலிலும் விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது என்று அம்மாச்சி சொல்வார். லட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகப் புறப்பட்டார்கள். ஒரு வழி அரக்கான் மலைகள் மேல் போனது, ஒரு வழி தமு வழியாக மணிப்பூருக்கு, ஒரு வழி வடக்கே ஹுகாவுங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கு. வாந்திபேதியாலும் மலேரியாவாலும் பசியாலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே இறந்தார்கள். செவிலியராக இருபது ஆண்டுகளுக்கும் மேல் வேலை செய்தவள் நான். வாந்திபேதிக்கு முதல் தேவை சுத்தமான தண்ணீரும் உப்பும் சர்க்கரையும் என்று எனக்குத் தெரியும். அந்த வழிகளில் அதுகூட இல்லை. இறந்தவர்களின் பெயரை எழுதிவைக்கவும் ஆள் இல்லை.

அம்மாச்சியின் குடும்பம் நடக்கவில்லை. அவருடைய அம்மாவுக்கு அப்போது காய்ச்சல். ஒரு பர்மியக் குடும்பம் கிராமத்தில் தங்கள் நெற்களஞ்சியத்தில் அவர்களை மாதக்கணக்கில் ஒளித்து வைத்துச் சோறு போட்டது. அவர்கள் புத்த மதத்தார். எங்கள் வீட்டு ஜெபத்தில் அந்தக் குடும்பத்தை நினைக்காத நாளே இல்லை.

1948-இல் பர்மா விடுதலை பெற்றது. பலர் குடியுரிமைக்கு மனுப் போடவில்லை, அதன் அவசரம் அவர்களுக்குப் புரியவில்லை. 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் ஆலைகளும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். சேமித்த பணம் ஒரே நாளில் காகிதமானது. இந்தியர் ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள். சென்னைக் கடற்கரைப் பக்கம் பர்மா பஜார் என்றும், பல ஊர்களில் பர்மா காலனி என்றும் இருப்பது அவர்களால்தான். பாரிமுனையில் நீங்கள் சாப்பிடும் அத்தோவும் அவர்கள் கொண்டுவந்ததுதான்.

அந்தக் கப்பல்களில் ஒன்றில் அம்மாச்சி, தாத்தா, பத்து வயதைத் தாண்டிய என் அம்மா, அம்மாவின் தம்பி தங்கைகள் வந்தார்கள். அம்மாச்சியின் தங்கை மட்டும் வரவில்லை. அவர் அங்கேயே கல்யாணமாகிப் பிள்ளைகளோடு இருந்தார். நான் அவரைச் சின்னம்மாச்சி என்பேன். அதற்குப் பின் பர்மாவில் முழுக் குடிமதிப்பு எடுத்தது 1973-இல். சிரியத்திலேயே பிறந்து, முப்பத்து மூன்று ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, அங்கே பிள்ளைகள் பெற்ற என் அம்மாச்சி, அந்த நாட்டின் முழுமையான குடிமதிப்பு ஏடு எதிலும் இல்லை.

இருந்துவிட்டவர்களின் கதை வேறு. 1982-இல் வந்த குடியுரிமைச் சட்டம், 1823-க்கு முன்பே நாட்டில் குடியிருந்த இனத்தார்தான் பிறப்பால் முழுக் குடிமக்கள் என்று வைத்தது. அரசு ஏற்கும் இனங்கள் 135. அந்தப் பட்டியலில் தமிழர் என்ற பெயர் கிடையாது. 2014 குடிமதிப்பு முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் எடுக்கப்பட்டது. நாட்டில் 5 கோடி 14 லட்சம் பேர் என்றார்கள். அதில் 12 லட்சம் பேரை நேரில் எண்ணாமல் மதிப்பிட்டுத்தான் சேர்த்தார்கள். பெரும்பாலும் ரக்கைன் மாநிலத்தின் வடபகுதியில், ரோஹிங்கியா என்று தங்கள் பெயரைச் சொன்னவர்களை அந்தப் பெயரில் எழுத மறுத்ததால் வந்த நிலை அது. மதக் கணக்கு 2016-இல் வெளியானது: புத்த மதத்தார் 87.9 சதவீதம், கிறிஸ்தவர் 6.2, இஸ்லாமியர் 4.3, இந்துக்கள் 0.5. இனக் கணக்கு வெளிவரவில்லை. ஆகவே தன்லினில் எத்தனை தமிழர் என்று கேட்டால் அந்தக் குடிமதிப்பிலிருந்து பதில் சொல்ல முடியாது.

ஆனால் அவர்கள் இருக்கிறார்கள். 2019 தொடக்கத்தில் நான் போனேன். அம்மாச்சி காலத்தில் படகில் கடந்த ஆற்றின் மேல் 1993 முதல் ரயிலும் வண்டியும் போகும் பாலம் இருக்கிறது. தெற்கே திலாவா துறைமுகமும் தொழிற்பேட்டையும் வந்துவிட்டன. கோயில் வாசலில் தமிழ் எழுத்தைப் பார்த்தேன். சந்தையில் ஒரு அம்மா முகத்தில் தனக்காக் குழம்பு பூசிக்கொண்டு, பர்மிய லோஞ்சி கட்டிக்கொண்டு, "வாங்க, எந்த ஊரு?" என்று தமிழில் கேட்டார்.

சின்னம்மாச்சிக்கு அப்போது எண்பத்து மூன்று வயது. என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. அவருடைய பேத்தி எனக்குத் தங்கச்சி முறை. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அவளுடைய அடையாள அட்டையில் இனம் என்ற இடத்தில் இந்தியா, பாமா என்று இரண்டும் சேர்த்து எழுதியிருந்தது. அவள் ஒரு துணிப்பையை எடுத்துவந்து, "அக்கா, இதில் என்ன எழுதியிருக்கு, படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

உள்ளே அம்மாச்சியின் அப்பா வைத்திருந்த தமிழ் வேதாகமம். அட்டை போய்விட்டது. முதல் வெற்றுத்தாளில் குடும்பத்தில் பிறந்தவர்கள் பெயரை அவர் கையாலேயே எழுதியிருந்தார். அம்மாச்சியின் பெயர், 1931. சின்னம்மாச்சியின் பெயர், 1936. பிறகு பேரப்பிள்ளைகள். நான் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். என் அம்மாவின் பெயர், 1953. அதற்கு மேல் வரியில் ஒரு ஆண்பிள்ளையின் பெயர் இருந்தது. பிறந்தது 1951, மரித்தது 1952. எட்டு மாதம்.

என் அம்மா தன்னை மூத்தவள் என்றுதான் நினைத்திருந்தார். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அம்மாச்சி ஒருநாளும் சொன்னதில்லை. "உங்க அம்மாச்சிக்கு அவன் பேரைச் சொன்னா அழுகை வரும், அதனால நாங்களும் சொல்றதில்லை" என்றார் சின்னம்மாச்சி. அவனை அடக்கம் பண்ணிய கல்லறைத் தோட்டம் இப்போது இல்லை, அங்கே வீடுகள் வந்துவிட்டன.

அன்று இரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஒரு அண்ணன் இருந்திருக்காரா?" என்று மட்டும் கேட்டார். அறுபத்தைந்து வயதில் அவருக்கு ஒரு அண்ணன் கிடைத்தார். இப்போது எங்கள் வீட்டு ஜெபத்தில் அவர் பெயரையும் சொல்கிறோம்.

சின்னம்மாச்சி மறு ஆண்டு கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 2021 பிப்ரவரியில் அங்கே மீண்டும் ராணுவ ஆட்சி வந்தது. 2024-இல் கட்டாய ராணுவச் சேவை வந்தபோது தங்கச்சியின் மகன் எல்லை தாண்டித் தாய்லாந்துக்குப் போய்விட்டான். அதே ஆண்டு எடுத்த குடிமதிப்பில் சண்டையின் காரணமாக நாட்டின் பல பகுதிகளுக்குக் கணக்கெடுப்பாளர்கள் போகவே முடியவில்லை. அவனை எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களோ தெரியாது. அவன் தாயின் ஜெபத்தில் அவன் பெயர் தினமும் இருக்கிறது.

இப்போது கார்ஹிங்குக்கு வருகிறேன். இந்த ஊரின் பெயர் ஏடுகளில் முதலில் வருவது 915-இல். நகரம் என்ற தகுதி 1990-இல்தான் கிடைத்தது. ஆராய்ச்சி நிலையங்களுக்காக உலகம் முழுவதிலிருந்தும் வந்தவர்கள் யு-6 ரயிலில் நம்மோடு பயணம் செய்கிறார்கள். இங்கே குடிவந்தால் இரண்டு வாரத்துக்குள் ராட்ஹவுஸில் பதிய வேண்டும். அங்கே நம் பெயரும் பிறந்த தேதியும் மதமும் இருக்கிறது. நல்லது, அதற்காக நன்றி சொல்வோம். ஆனால் நம் பாட்டி எங்கே பிறந்தார், எந்தக் கப்பலில் ஏறினார், யாரை விட்டுவந்தார் என்று அந்த ஏடு கேட்காது. அதைக் கேட்க வேண்டியது நாம்.

நான் வேலை செய்யும் வார்டில் குழந்தை பிறந்ததும் கையில் பெயர்ப்பட்டை கட்டுவோம். செவிலியர் பயிற்சிக்காக ஜெர்மனிக்கு வந்த முதல் ஆண்டிலேயே எங்களுக்குச் சொல்லித் தந்தது இது: பட்டை இல்லாத குழந்தையைக் கையிலிருந்து கீழே வைக்காதே. அந்தத் தாளில் பேரனின் பெயரை எழுதிய என் கொள்ளுத்தாத்தா எட்டாம் வகுப்புகூடப் படிக்காதவர். அவரும் அதையேதான் செய்தார். போர்த்துக்கீசியர் வழிவந்த அந்தப் பாயின்ஜிகளை நினைவில் வைக்கச் சொன்னேனே, அவர்களுக்கு மொழி போய்விட்டது. நம் பிள்ளைகளுக்கும் போகலாம். அதற்கு முன் பெயர்களையாவது எழுதி வையுங்கள்.

ஆகவே மலர்க் குழுவிடம் ஒரு விண்ணப்பம் வைத்தேன். இந்த மலரின் கடைசிப் பக்கத்தை அச்சடிக்காமல் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். பிள்ளைகளே, அது உங்களுக்கு. இன்று வீட்டுக்குப் போய் அப்பம்மாவிடமோ அம்மம்மாவிடமோ தாத்தாவிடமோ கேளுங்கள். தூரத்தில் இருந்தால் போனில் கேளுங்கள். பிறந்தவர்கள் எல்லாருடைய பெயரும், பிறந்த ஊரும், ஆண்டும் எழுதுங்கள். சின்ன வயதில் இறந்துபோனவர்களையும், வழியில் தவறிப்போனவர்களையும் விட்டுவிடாதீர்கள். தமிழில் எழுத வராவிட்டால் ஜெர்மனில் எழுதுங்கள், பரவாயில்லை. பெரியவர்களே, பிள்ளை கேட்கும்போது அழுகை வந்தால் வரட்டும். ஆனால் பெயரைச் சொல்லிவிடுங்கள்.

நம் ஒவ்வொருவரையும் பேர்சொல்லி அறிந்திருக்கிற கர்த்தர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.